‘மாஸ்’ என்னும் சொல்லும் நம் திருப்பலியும்



ஓர் ஆங்கிலச் சொல் நம் வீடுகளில் ஒரே நாளில் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். ஞாயிறு காலையில் அம்மா, “மாஸுக்குப் போயிட்டு வந்துட்டோம்” என்கிறார். மாலையில் மகன், “ஹீரோ என்ட்ரி செம மாஸ்” என்கிறான். பத்தாம் வகுப்பு மகளோ ‘மாஸ் என்றால் நிறை, வெயிட் என்றால் எடை’ என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். தொழிற்சங்கத்தில் இருக்கும் அப்பாவுக்கு ‘மாஸ் லீவ்’ என்றால் எல்லாரும் சேர்ந்து எடுக்கும் விடுப்பு. போதாக்குறைக்கு 2019-இல் வெளிவந்த ‘பேட்ட’ திரைப்படப் பாடலால் ‘மரண மாஸ்’ என்ற தொடர் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. நன்றாக இருக்கிறது என்று பாராட்டத்தான் இளைஞர்கள் அதைச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பங்குத்தந்தையின் காதுக்கு அது இறந்தோருக்கான திருப்பலி என்றுதான் கேட்கிறது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2015-இல் ‘மாஸ்’ என்ற பெயரில் எடுக்கப்பட்ட படம், தமிழ்ப் பெயருக்கு உரிய வரிவிலக்கு வேண்டி ‘மாசு என்கிற மாசிலாமணி’ ஆனது. மாசு என்றால் தமிழில் அழுக்கு, கறை. நாம் அன்னை மரியாவை மாசற்றவர் என்று அழைப்பது இந்தச் சொல்லை வைத்துத்தான்.

விளையாட்டு இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாக இருந்தாலும், இவை ஒரு தாய்ப் பிள்ளைகள் அல்ல. இரண்டு வேறு சொற்கள் காலப்போக்கில் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

முதல் சொல்லின் மூலம் கிரேக்கம். அங்கே ‘மாட்சா’ என்றால் பார்லி மாவைப் பிசைந்து செய்யும் அப்பம். அது லத்தீனில் ‘மஸ்ஸா’ ஆகி, பிசைந்த மாவுருண்டை, கட்டி, திரள் என்று பொருள் விரிந்தது. 1687-இல் நியூட்டன் தம் பெரு நூலில் ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவுக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். மக்கள் கூட்டத்துக்கும் இதுவே பெயராயிற்று. தமிழும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. வெண்ணெய் திரள்கிறது என்கிறோம், மக்கள் திரள் என்றும் சொல்கிறோம். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியை அண்ணாந்து பார்த்தபடி நம் ஊரில் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு ‘திரள்’ என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தை விசிலடிக்க வைப்பவர் ‘மாஸ் ஹீரோ’. கடைசியில் கூட்டம் மறைந்து, கெத்து மட்டும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டது.

நம் திருப்பலியைக் குறிக்கும் ‘மாஸ்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. அப்பம், மாவு என்றதும் இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். சிறிது புளிப்பு மாவு பிசைந்த மாவு முழுவதையும் புளிக்க வைப்பது பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இடத்தில் லத்தீன் விவிலியம் ‘மஸ்ஸா’ என்றே சொல்கிறது. ஆயினும் சொல்லாராய்ச்சி அந்த முடிச்சுக்கு இடம் தரவில்லை.

நம் ‘மாஸ்’ லத்தீன் ‘மிஸ்ஸா’விலிருந்து வந்தது. ‘அனுப்புதல்’ என்பது அதன் வேர்ப்பொருள். பழைய உரோமையில் ஒரு கூட்டம் முடிந்ததும் ‘கலைந்து போகலாம்’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இருந்தது. திருச்சபையும் அதை எடுத்துக்கொண்டது. திருமுழுக்குக்குத் தயாரிப்பவர்கள் மறையுரைக்குப் பின் அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் இறுதியில் ‘இத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்ற சொற்களோடு அனுப்பப்பட்டார்கள். கடைசியில் சொல்லப்பட்ட அந்த ஒரு சொல்லே முழு வழிபாட்டுக்கும் பெயராகிவிட்டது. கிறிஸ்மஸ் என்பதன் வாலில் ஒட்டியிருக்கும் ‘மஸ்’ கூட இதுவே.

இந்த வேரின் பிள்ளைகள் பலர் நமக்கு நன்கு அறிமுகமானவர்கள். அட்மிஷன், பெர்மிஷன், கமிஷன், வேலையை விட்டு அனுப்பும் டிஸ்மிஸ், ஏவி அனுப்பப்படும் மிசைல், கடைசியாக மிஷனும் மிஷனரியும். சேத்துப்பட்டில் உழைத்த தாராஸ் சுவாமியாரைப் பிரான்சிலிருந்து அனுப்பிய பாரீஸ் வெளிநாட்டு மறைபோதக சபையின் பெயரிலும் அந்த ‘மிஷன்’ இருக்கிறது.

நம் பெரியவர்கள் ‘பூசை’ என்றார்கள், இன்றும் பலர் அப்படியே சொல்கிறார்கள். திருவண்ணாமலையில் ஆட்டோ ஏறி ‘காலைப் பூசைக்கு’ என்று மட்டும் சொன்னால் ராஜகோபுரத்தின் முன்தான் இறங்க நேரிடும். அது வேறு விஷயம். பூசை என்ற சொல் வழிபாட்டைக் காட்டுகிறது, திருப்பலி என்ற சொல் கிறிஸ்துவின் பலியைக் காட்டுகிறது. ‘மிஸ்ஸா’ என்ற சொல்லோ வாசலைக் காட்டுகிறது. சினிமா மாஸ் கதாநாயகன் உள்ளே நுழையும் காட்சியில் இருக்கிறது. நம்முடைய மாஸ் பெயர் பெற்றது மக்கள் வெளியே போகும் நேரத்தில்.

அதனால்தான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்மை வாங்கிய கையோடு வண்டிச் சாவியை எடுப்பவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. மருத்துவமனைப் பணிக்கு ஓடும் செவிலியரையோ, பெங்களூரு பேருந்தைப் பிடிக்க வேண்டியவரையோ நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசி ஆசீருக்கு முன் கிளம்புவதை ‘அறிவிப்புகள்தானே’ என்று நினைக்கிறோம். மாஸுக்கு மாஸ் என்ற பெயர் வந்த பகுதி அதுதான். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் வெளியிட்ட ‘அன்பின் அருளடையாளம்’ என்னும் மடலில், முற்காலத்தில் வெறும் கலைந்து செல்லலைக் குறித்த ‘மிஸ்ஸா’ கிறிஸ்தவ வழக்கில் பணிக்கு அனுப்பப்படுதல் என்ற ஆழமான பொருளைப் பெற்றதை விளக்கினார். அடுத்த ஆண்டே, நற்செய்தியை அறிவிக்கவும் வாழ்வால் ஆண்டவரை மாட்சிப்படுத்தவும் அனுப்பும் புதிய நிறைவு வாசகங்களுக்கு உரோமை ஒப்புதல் அளித்தது.

‘இத்தே’ என்ற லத்தீன் சொல்லுக்குப் ‘போங்கள்’ என்று மட்டுமே பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு தாய்மொழிக்கு வந்தபோது, தமிழாக்கியவர்கள் அதை அப்படியே வைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவரைப் ‘போங்கள்’ என்று சொல்ல நம்மவர்களுக்கு நா எழாது. எனவே ‘சென்று வாருங்கள்’ என்றார்கள். லத்தீனில் இல்லாத அந்த ‘வாருங்கள்’ நம் தமிழ் சேர்த்துக்கொண்டது.