கி. ராஜநாராயணனின் ‘கன்னிமை’: ஒரு பெயரில் இரு பெண்கள்

எதிரெதிர்ப் பெண் பாத்திரங்களை இரு வேறு உருவங்களாகப் படைப்பதே பெருவழக்கு. ‘படையப்பா’ (1999) திரைப்படத்தின் நீலாம்பரியும் வசுந்தராவும் அவ்வகையினர். கடம்பூர், கோவில்பட்டி சூழ்ந்த கரிசல் வட்டாரத்தின் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனோ, ‘கன்னிமை’ சிறுகதையில் இம்முரணை நாச்சியாரம்மா என்னும் ஒருத்திக்குள்ளேயே அமைத்துள்ளார்.

மணத்திற்கு முந்தைய நாச்சியாரம்மா எளியவர்க்குக் கை நிறையக் கொடுப்பவள். அவளைப் பற்றி உரைப்பவன் அண்ணன். பிந்தையவள் வரவு செலவில் கண்ணாயிருக்கும் குடும்பத் தலைவி, உரைப்பவன் கணவன். இருவரும் அவளது அன்பின் பயனை நுகர்ந்தவர்கள். கதைசொல்லும் இடம் அவளுக்கு அளிக்கப்படவில்லை. ஆகவே, ‘மாறிவிட்டாள்’ என்பது ஆண்களின் தீர்ப்பே எனலாம். தலைப்பும் அவர்கள் பக்கமே சாய்கிறது.

கன்னி வழங்கியது பிறந்த வீட்டின் விளைச்சல். அதற்கு அவளிடம் கணக்குக் கேட்பார் இல்லை. மனைவியின் நிலை வேறு. வானம் பார்த்த கரிசலில் பருத்தியும் கம்பும் மழையை நம்பியே விளைவன. மழை பொய்த்த ஆண்டிலும் உலை வைக்க வேண்டியவள் அவளே. கணவனுக்குக் கைச்சுருக்கமாகத் தோன்றுவது, மானாவாரிக் குடும்பத்தின் முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். கதை இவ்விளக்கத்தை அவள் வாயிலாகத் தரவில்லை. பழைய நாச்சியாரம்மாவை நாடும் கணவனின் ஏக்கத்தோடு நின்றுவிடுகிறது.