எல்லைக் கல் – 8: எதை எண்ணுகிறார்கள்?

2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து மக்கள், தனி நாடாகப் பிரிவதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். 44.7 சதவீதம் பேர் பிரிவோம் என்றார்கள், 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இப்படி ஒரு பிரிவினை என்றால் எழுபவை மூன்று கேள்விகள்: பிரிந்தால் பந்து என்ன ஆகும், ஓட்டு என்ன ஆகும், பணம் என்ன ஆகும்? பந்துக்கு விடை சுலபம். உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தை 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் இங்கிலாந்தோடு ஆடியதே ஸ்காட்லாந்துதான். கோல் விழாமல் முடிந்த ஆட்டம் அது. பிரிட்டனைப் பொறுத்தவரை ஃபிஃபா அரசுகளை எண்ணுவதில்லை, கால்பந்துச் சங்கங்களை எண்ணுகிறது. 1873 முதல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. நாடு பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் அணிக்கு ஒன்றுமில்லை. பணம் அப்படியல்ல. பவுண்டையே வைத்துக்கொள்வோம் என்று பிரிவினைத் தரப்பு சொன்னபோது, பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே மறுத்துவிட்டார். வடகடல் எண்ணெய் பீப்பாய் 110 டாலருக்கு விற்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே போனது.

ஒரே பிரிவினைக்கு ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு விடை வந்ததற்குக் காரணம், கொடுக்கிற இடத்தில் இருப்பவர் எதை எண்ணிக் கொடுக்கிறார் என்பதுதான். தலையை எண்ணுகிறாரா, சங்கத்தை எண்ணுகிறாரா, மாவட்டத்தை எண்ணுகிறாரா? இந்தப் படியை வைத்துத்தான் 2019-இல் நம் கண்ணெதிரே நடந்த பிரிவினையை அளக்க வேண்டும் என்பது என் வாதம். தென்னாற்காட்டிலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிந்த விழுப்புரம், 7,200 சதுர கிலோமீட்டர் பரப்போடு தமிழ்நாட்டிலேயே பெரிய மாவட்டமாக இருந்தது. 2019 ஜனவரி 8 அன்று அறிவிப்பு வந்து, நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. சங்கராபுரத்திலிருந்து விழுப்புரம் 70 கிலோமீட்டருக்கு மேல். கள்ளக்குறிச்சி சுமார் 20. இந்த வித்தியாசத்தின் அருமை திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குப் போகிறவருக்குத்தான் தெரியும். கல்வராயன்மலையில் உள்ள வெள்ளிமலைக்காரர் ஒருவர் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்க வேண்டுமானால், விடிவதற்குள் பஸ் பிடித்து மலையிறங்கி, கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, அங்கே வண்டி மாறி, விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. மனுவில் சீல் விழுந்து ஒப்புகைச் சீட்டு கைக்கு வருவதற்குள் அன்றைய கூலி போய்விடும். கடைசி மலைப் பஸ்ஸை விட்டால் இரவு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில்தான். அந்த அலைச்சல் குறைந்ததை யார் சின்ன விஷயம் என்றாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விளையாட்டில் கிடைத்ததும் கண்கூடு. முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்ட அளவில் ஆடி ஜெயித்தவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள். அங்கே எண்ணப்படுவது மாவட்டம். முன்பு திண்டிவனத்துப் பையனும் சங்கராபுரத்துப் பையனும் ஒரே இடத்துக்கு மோத வேண்டியிருக்கும். இன்று இரண்டு மாவட்டம், இரண்டு அணி. ஆனால் எல்லா விளையாட்டும் இப்படி வழிவிடுவதில்லை. 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது, பிரிந்த பிள்ளைக்குக் கிரிக்கெட் இடம் கிடைத்தது, தாய் மாநிலமான பீகார் வெளியே நின்றது. சங்கத்தின் அலுவலகம் ஜாம்ஷெட்பூரில் இருந்ததுதான் காரணம். பீகார் ரஞ்சிக் கோப்பைக்குத் திரும்ப 2018 ஆனது. பதினெட்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் முழு வாழ்க்கை. தெலங்கானா 2014-இல் பிரிந்தபோதோ ஒரு சலனமும் இல்லை. ஹைதராபாதும் ஆந்திராவும் பழைய காலத்திலிருந்தே தனித்தனி ரஞ்சி அணிகள்.

ஓட்டுக்கு வருவோம். இங்கே பிரிவினை எதையும் அசைக்கவில்லை, ஏனென்றால் தொகுதிக் கோடு 2008 மறுவரையறையில் போட்டது. அதற்குப் பிறகு விழுந்த மாவட்டக் கோட்டை அது பார்ப்பதில்லை. கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சங்கராபுரம், ரிஷிவந்தியம், கள்ளக்குறிச்சியோடு சேலம் மாவட்டத்தின் ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு மூன்றும் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டையோ விழுப்புரம் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறது. கல்வராயன்மலையில் இது இன்னும் உறுத்துகிறது. ஒரே மலையாளிப் பழங்குடி. கருமந்துறைப் பக்கம் இருப்பவர் பழங்குடியினருக்கு ஒதுக்கிய ஏற்காடு தொகுதியில் ஓட்டுப் போடுகிறார், வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர் பொதுத்தொகுதியான சங்கராபுரத்தில் போடுகிறார். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. அந்த மக்களின் குரலை எந்தக் கோட்டுக்குள் வைத்து எண்ணுவது என்பது மாவட்டம் பிரிந்ததால் தீரவில்லை.

பணத்தில்தான் என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. மாவட்டம் என்பது கஜானா இல்லாத அலுவலகம், வரி போடவும் முடியாது, பங்கு கேட்கவும் முடியாது, பெயர்ப் பலகையால் பணம் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. கள்ளக்குறிச்சியின் சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியைப் பார்த்தால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களுக்கு முன்னுரிமை கொடுத்து, ஒரு கல்லூரிக்கு 325 கோடி ரூபாய், அதில் 60 சதவீதம் மத்திய அரசு தருவது என்று திட்டம் வந்த நேரம் அது. விழுப்புரத்துக்கு 2010 முதலே முண்டியம்பாக்கத்தில் கல்லூரி இருக்கிறது. கள்ளக்குறிச்சி அதற்குள்ளேயே இருந்திருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவது மிகக் கடினம். பிரிந்ததால் ஏறியது, 2022 ஜனவரி 12 அன்று திறந்த பதினொரு கல்லூரிகளில் ஒன்றானது. அப்படியானால் பிரிந்துகொண்டே போகலாமே என்றால், அதே 2019-இல் பிரிந்த தென்காசியும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அந்தப் பதினொன்றில் இல்லை. கொடுக்கிறவர் மாவட்டத்தை எண்ணிய நேரத்தில், மற்ற தகுதிகளும் சேர்ந்திருந்ததால் கிடைத்தது.

கொடுக்கிறவர் வேறொன்றை எண்ணிய இடத்தில் இதே பிரிவினை நம்மைக் கீழே தள்ளியது. அதைப் பற்றிப் பேசுவாரைக் காணோம். ஊராட்சிகளுக்கு நிதிக்குழு மானியம் வருவது, அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான். தமிழ்நாட்டில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனதால் மாநிலத்துக்கு வரவேண்டிய மானியமே தேங்கியது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்கள் ஓட்டுப் போட்டன. கள்ளக்குறிச்சியில் நாம் போடவில்லை. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களிலும் அவற்றின் தாய் மாவட்டங்களிலும், ஆக ஒன்பதில், வார்டு வரையறையை முடித்துவிட்டு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. நமக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஊராட்சித் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. தெருவிளக்கு பல்பு, குடிநீர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது எல்லாம் அந்த இரண்டு கையெழுத்தில் நடப்பவை. ஐந்து வருஷம் அந்த இடத்தில் தனி அலுவலர் கையெழுத்துப் போட்டார். தேர்தல் தள்ளிப்போனது 2016-லிருந்து ஓடிய இடஒதுக்கீட்டு வழக்கால், பிரிவினை என்ன செய்யும் என்று கேட்கலாம். முதல் மூன்று வருஷத்துக்கு அது சரி. கடைசி 21 மாதம் பிரிவினையின் கணக்கில்தான் எழுத வேண்டும், ஏனென்றால் பிரியாத மாவட்டங்களில் அதற்குள் தலைவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்சியரைப் பக்கத்தில் கொண்டுவந்த அதே கோடு, கிராமத்தான் தன் ஊருக்கென்று தேர்ந்தெடுக்கும் மன்றத்தை அத்தனை நாள் மூடி வைத்தது.

அலுவலகம் அருகில் இருப்பதே போதும் என்பவர்கள் 2024 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஆட்சியரும் எஸ்.பி.யும் இருந்த அதே ஊரில், மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே. உயிருக்குப் போராடியவர்களைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்வாதாரத்தைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ரோடு, ரேஷன், ஆஸ்பத்திரி என்று அங்கே கேட்கப்பட்டவை எல்லாம் மாவட்டம் பிறப்பதற்கு முன்பே இருந்த கேள்விகள்.

அந்த 21 மாதத்தின் தடம் இன்னும் அழியவில்லை. 2019-இல் ஓட்டுப் போட்ட மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியின் 412 ஊராட்சிகளில் அன்றும் தலைவர்களே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2021 அக்டோபரில் பதவியேற்றவர்களின் ஐந்து வருஷம் 2026 அக்டோபர் வரை.

(தொடரும்)