நடுக்கடலில் கை கொடுத்த படகுத் தோழர்கள்

நடுக்கடலில் படகு மூழ்கினால் யாரைக் கூப்பிடுவது? போலீசா வரும்? தீயணைப்பு வண்டியா வரும்?

பசிபிக் கடலில் சொந்தப் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றுகிறவர்களைக் கேட்டால், முன்னால் போகிற படகும் பின்னால் வருகிற படகும்தான் துணை என்பார்கள்.

தேங்காய்ப்பால் பாதை

பனாமா கால்வாயைத் தாண்டி, கலாபகஸ், மார்க்கேசாஸ், தாகித்தி என்று தீவுகளைத் தொட்டுக்கொண்டு மேற்கே போகும் வழிக்குத் 'தேங்காய்ப்பால் பாதை' என்று செல்லப் பெயர். தென்கிழக்கிலிருந்து சீராக வீசும் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகும்.

கலாபகசுக்கும் மார்க்கேசாசுக்கும் நடுவே சுமார் 3,000 கடல் மைல். அதாவது 5,500 கிலோ மீட்டர். இடையில் ஒரு தீவு கூடக் கிடையாது. கன்னியாகுமரியிலிருந்து கத்ரா போகும் நம் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஓடுவதே சுமார் 3,800 கிலோ மீட்டர்தான். அதற்கு வழியில் எத்தனை ஸ்டேஷன்கள்! படகோ மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் போனால் பெரிது. கரையைக் காண மூன்று வாரம், காற்று விழுந்தால் நான்கு வாரம் கூட ஆகும்.

தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அது ஓயும் சமயத்தில் தீவுகளுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று பலரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிளம்புகிறார்கள். எனவே ஒரே வழியில் பல படகுகள் இருக்கும். ஆனால் ஒன்றின் கண்ணுக்கு ஒன்று தெரியாது.

அதற்குத்தான் தினசரி ரேடியோவில் 'ஆஜர்'. ஒருவர் படகுகளின் பெயரை வாசிப்பார். ஒவ்வொரு படகும் தான் இருக்கும் இடம், காற்று, உடல்நலம் எல்லாம் சொல்லும். ரயில்வேயில் கண்ட்ரோல் ஆபீஸ், வண்டி எங்கே என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்பதைப் போலத்தான். இப்போது செயற்கைக்கோள் மூலமும் சேதி பறக்கிறது.

15 நிமிடத்தில் மூழ்கியது

2023 மார்ச் 13-ந் தேதி. 'ரெயின்டான்சர்' என்ற 44 அடிப் படகு மார்க்கேசாசை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. படகில் நான்கு பேர். பகல் சாப்பாட்டு நேரம். திடீரென்று ஒரு திமிங்கலம் மோதியது. அடிப்பாகம் உடைந்து தண்ணீர் புகுந்தது. சுமார் 15 நிமிடத்தில் படகு மூழ்கிவிட்டது.

நால்வரும் ரப்பர் மிதவைக்கும் சிறு தோணிக்கும் தாவினார்கள். அபாயக் கருவியை இயக்கினார்கள். அதே பாதையில் பின்னால் வந்துகொண்டிருந்த நண்பருக்குச் செயற்கைக்கோள் வழியே சேதி கொடுத்தார்கள். அது படகுக்குப் படகு பரவியது. பல படகுகள் வழியைத் திருப்பின.

சுமார் 10 மணி நேரம் கழித்து, இருட்டில் வந்து சேர்ந்தது 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற பாய்மரப் படகு. நால்வரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்றவேண்டும் என்று சர்வதேசச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து கையைப் பிடித்துத் தூக்காது. பக்கத்தில் ஒரு படகு இருக்கவேண்டும். நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஊரை விட்டு வந்து லாட்ஜிலும் சாலிலும் குடியிருக்கும் நமக்கு இது புரியாததல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால், மதுரையிலிருந்து அண்ணன் ரயிலேறி வர ஒன்றரை நாள் ஆகும். கதவைத் தட்டினால் வருகிறவர் பக்கத்து அறைக்காரர்தான். அவரிடம் இன்று காலை 'ஆஜர்' சொன்னோமா?