கேட்கும் அரசும் சொல்லும் குடியும்

பிரித்தானிய அரசாங்கம் 2012 ஆம் ஆண்டில் தன் சேவைகளை ஒரே இணையத்தளத்தின்கீழ்க் கொணரத் தொடங்கியபோது, விண்ணப்பப் பத்திரங்களைப் பொதுமக்களைக் கொண்டே பரீட்சிக்கும் வழக்கமும் வேரூன்றலாயிற்று. பரீட்சிக்கப்படுவது பத்திரமேயன்றி வந்தவரல்லர். இதை அவருக்கு முதலிலேயே தெளிவாக்குதல் வேண்டும். நோக்கம் யாது, குறிப்புகளை யார் பார்ப்பர், எவ்வளவு காலம் வைத்திருப்பர் என்பவற்றை எளிய மொழியில் விளக்கிய பின்னரே சம்மதம் கேட்பர். இடைநடுவில் எழுந்து போகவும் அவருக்கு உரிமையுண்டு.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உதவிப்பணத்தை நம்பி வாழும் முதியவர், மறுத்தால் அது நின்றுவிடுமோ என்றஞ்சியே தலையசைக்கக்கூடும். அச்சத்திற் பிறந்தது சம்மதமாகுமா? இரண்டுக்கும் தொடர்பில்லை என வாயளவிற் கூறினாற் போதாது. உதவிப்பணத்தைத் தீர்மானிக்கும் உத்தியோகத்தர் அவ்வறையில் இராமையே நன்று. முதியவர் எந்தக் கேள்வியில் தடுமாறினார் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அவர் பெயர் அக்குறிப்பில் வேண்டியதில்லை.