வடகடலின் பந்தி



பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையே கிடக்கும் வடகடல் ஆழம் குறைந்தது, குளிர் மிகுந்தது, மீன்வளம் நிறைந்தது. திமிங்கில இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகள் சில அங்கே கூடி வாழ்கின்றன. யாவும் மீன் தின்பவை. யாவும் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் இரை தேடுபவை. பாட்னாவிலும் பாகல்பூரிலும் வாழும் நேயர்கள் கண்டிருக்கக்கூடிய கங்கை ஓங்கிலுக்கும் இவ்வித்தையே வாழ்வு. அதற்குக் கண் பார்வை அநேகமாக இல்லை. ஒரே பந்தியில் அமர்ந்தவை, ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைக்காமல் எவ்வாறு உண்கின்றன?

முதலாவது கடற்பன்றி. பெயரைக் கேட்டு நகைக்க வேண்டாம். ஆங்கிலத்தின் போர்ப்பஸ் என்னும் சொல்லும், பன்றி, மீன் எனப் பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து பிறந்ததே. நீளம் ஒன்றரை மீட்டர்; எடை 50 அல்லது 60 கிலோ. உடல் சிறிது, கடலோ குளிர். ஆகவே உடற்சூடு விரைவில் வெளியேறுகிறது. அதை ஈடுசெய்ய இப்பிராணி ஓயாமல் உண்ண வேண்டியிருக்கிறது. டென்மார்க் அருகே சில கடற்பன்றிகளின் முதுகில் ஒலிப்பதிவுக் கருவிகளை ஒட்டி ஆராய்ந்தனர். 2016-இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது: மணிக்கு 550 சிறு மீன்கள் வரை அவை பிடிக்க முயன்றன, பத்தில் ஒன்பது முயற்சிகள் பலித்தன. பிடிபட்டவை பெரும்பாலும் 3 முதல் 10 சென்டிமீட்டர் நீளமே உள்ள மீன்கள். பட்டினி கிடக்க இதற்கு வசதி இல்லை என்பது தெளிவு.

வெண்மூக்கு ஓங்கில் இரண்டரை மீட்டருக்கும் மேல் வளர்வது. வைட்டிங், ஹாடக், காட் ஆகிய மீன்கள் அதற்கு உகந்தவை. வைட்டிங்கைக் கடற்பன்றியும் உண்ணும். ஆனால் பொதுவாகச் சிறியதை அது எடுக்க, பெரியது ஓங்கிலுக்குப் போகிறது. வெண்பக்க ஓங்கில் கரையை அவ்வளவாக நாடுவதில்லை. கடலடித்தளம் சரிந்து ஆழமாகும் விளிம்பில், ஹெர்ரிங், கானாங்கெளுத்தி, கணவாய் இவற்றைத் தேடித் திரிகிறது.

இவையெல்லாம் எப்படித் தெரிந்தன? கரையொதுங்கிய சடலங்களின் இரைப்பையிலிருந்துதான். தின்ற மீனின் சதை கரைந்தாலும், அதன் தலைக்குள் இருந்த காதுக்கல் எஞ்சுகிறது. கல்லின் வடிவம் மீனின் இனத்தைச் சொல்லும். அளவு அதன் நீளத்தைச் சொல்லும். எனினும் இரைப்பை கடைசி விருந்தை மட்டுமே அறியும். பழைய உணவை அறிய, தசையிலும் பல்லிலும் உள்ள கனத்த நைட்ரஜன் அணுக்களின் விகிதத்தை அளக்கிறார்கள். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் அவ்விகிதம் உயர்கிறது.

பந்தியில் சண்டையே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஸ்காட்லாந்தின் மோரே வளைகுடாவில் சால்மன் மீனுக்குக் காத்திருக்கும் புட்டிமூக்கு ஓங்கில்கள், கடற்பன்றிகளை மோதிக் கொல்வதாக 1996-இல் ஆய்வாளர் அறிவித்தனர். கொன்றதை அவை தின்பதில்லை. காரணம் இன்னும் விவாதத்திலேயே இருக்கிறது.

உண்ணும் இடமே சாகும் வகையையும் தீர்மானிக்கிறது. அடித்தளத்தில் மேயும் கடற்பன்றி, அங்கே கட்டும் செவுள் வலையில் சிக்கி மூச்சு முட்டி இறக்கிறது. நடுநீரில் வேட்டையாடும் ஓங்கிலுக்கு இழுவலை எமன். மணலில் புதைந்து வாழும் மணல் விலாங்கு என்னும் மெல்லிய மீன் கடற்பன்றிக்கும் கடற்பறவைகளுக்கும் முக்கிய உணவு. அதைத் தீவன மாவுக்காக மனிதர் வாரிச் சென்றனர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு பகுதியை 2000-த்தில் மூடினர். 2024-இல் ஸ்காட்லாந்தின் கடல் முழுவதிலும், வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் அம்மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது.

வெப்பத்தைச் சட்டத்தால் மூட முடியவில்லை. ஸ்காட்லாந்தின் வடமேற்கே நீர் சூடேற, வெண்மூக்கு ஓங்கில் குறைந்து, தென்புறத்துச் சாதாரண ஓங்கில் பெருகிவருவதை 2005-இலேயே ஆய்வாளர் எடுத்துரைத்தனர். குளிரை நாடி வடக்கே செல்லலாமே எனில், வெண்மூக்கு ஓங்கிலுக்கு வேண்டியது ஆழமற்ற கடல். அப்பகுதிக்கு வடக்கே கடலடித்தளம் பேராழத்துக்குச் சரிந்துவிடுகிறது.