நம் வீட்டுப் பிள்ளைகள் – 9: எந்தக் கடையில அரிசி வாங்குறீங்க?

கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பிள்ளையைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போனால், பந்தியில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எந்தக் கடையில அரிசி வாங்குறீங்க?" எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்துவைப்பார். பிள்ளை இலையைப் பார்த்துக் குனிந்துகொள்ளும். இந்தக் கேலியால் ஒரு பிள்ளை இளைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒளித்துவைத்துத் தின்பதும், விளையாட்டுப் பீரியடில் வயிற்றுவலி என்று ஒதுங்குவதும்தான் கூடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2017-ல் இதைத்தான் எச்சரித்தது.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்காரர்களுக்குக் கேலி புதிதல்ல. 1991-92-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். வழியெல்லாம் கிண்டல், கொச்சைப் பேச்சு. இருந்தும் யாரும் இறங்கிவிடவில்லை. கூட்டமாகப் போனவர்களை ஊர் என்ன செய்துவிடும்? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அன்று மிதித்தவர்களில் பலர் இன்று பாட்டிகள். பேரப்பிள்ளைகளையோ வாசலிலேயே வேன் ஏற்றிக்கொள்கிறது. மாலையில் டியூஷன், அதற்குப் பிறகு செல்போன்.

பிள்ளையை மட்டும் "போய் ஓடு" என்று விரட்டினால் அது தண்டனை. பாட்டியும் அப்பாவும் சேர்ந்து கிளம்பினால் அதுவே பழக்கம். சாப்பாடும் அப்படித்தான். அண்ணனுக்கு பஜ்ஜி, தம்பிக்கு வெள்ளரிக்காய் என்று பிரிக்கும் வீட்டில் தம்பி பஜ்ஜியைத் திருடத்தான் செய்வான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். பெரியவர்களுக்கும் அதே மருந்து தேவை என்கிறபோது பிள்ளைக்கென்று தனிச் சமையல் எதற்கு?

குளிர்பானத்தை வீட்டில் வாங்கிவைப்பதையே நிறுத்தலாம். 200 மில்லி கோலாவில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. கடலை விளையும் ஊரில் மாலைப் பசிக்கு ஒரு கைப்பிடி அவித்த கடலை போதும்; பேக்கரி பப்ஸ் என்றைக்காவது இருக்கட்டும். "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டுவதையும் விட்டுவிடுங்கள் (பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை). வயிறு நிறைந்தது பிள்ளைக்குத்தான் தெரியும்.

வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கக் கூடாது. பெரும்பாலும் எடை மேலும் ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடக்கூட உடம்பு சரியாகிவிடும். ஆனால் பிடரியில் கறுப்பு படிந்தால் அழுக்கு என்று கடலைமாவு போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அதுவோ, தூக்கத்தில் பலத்த குறட்டையோ இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எடை பார்க்கும்போது நாலு பேர் நடுவில் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம் என்று நர்சம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.