சூரியப் பலகையை அளந்தறிதல்

பேகம்பேட்டில் வாழும் நம்மவர் ஒருவர், தம் வீட்டு மொட்டை மாடிக்கென 100 வாட் சூரியப் பலகை வாங்கச் செல்வதாகக் கொள்வோம். கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்து, “இதோ, 22 வோல்ட்!” என்பார். அவ்வளவில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாகாது என்பதே நாம் கூற விழைவது.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் உலகிற்குக் காட்டிய சிலிக்கான் கலம், சுமையேதும் இணைக்காதபோது ஏறத்தாழ 0.6 வோல்ட் அழுத்தம் தரும். 36 கலங்களைத் தொடராகக் கோத்தால் 22 வோல்ட் வரை கிட்டும். மேகம் மூடிய வேளையிலும் இவ்வழுத்தம் பெரிதும் குன்றுவதில்லை. ஒளிக்கேற்ப ஏறியிறங்குவது மின்னோட்டமே. ஆதலின், மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நல்ல வெயிலில் பலகையைக் கதிரவனுக்கு நேராகச் சாய்த்து, அதன் இருமுனைகளையும் மீட்டர் வழியே சிறிதுநேரம் இணைத்துப் பார்த்தல் வேண்டும். இத்தகைய சிறு பலகைக்கு இதனால் தீங்கில்லை. பாட்டரியில் மட்டும் இவ்வாறு செய்யற்க. பியூஸ் எரிந்துபோகும், மீட்டரே பழுதாகவுங்கூடும்.

6 ஆம்பியர் காட்டிற்று, நன்று. எனினும் 22ஐ 6ஆற் பெருக்கி, 132 வாட் என மகிழ்வதற்கில்லை. அழுத்தம் முழுமையாயிருக்கையில் ஓட்டமில்லை; ஓட்டம் முழுமையாயிருக்கையில் அழுத்தமில்லை. இரண்டும் இணங்கி உழைக்கும் நிலையில் அப்பெருக்கத்தின் முக்காற்பங்கே, அதாவது 100 வாட் அளவே கிட்டும்.

அவ்வெண்ணும் கலத்தின் வெப்பம் 25 பாகையாக இருக்கும்போது கணித்தது. ஐதராபாத்தின் மே மாத வெயிலில் பலகை 60 பாகை வரை சூடேறும். பாகைக்குக் கலமொன்றில் சுமார் 2 மில்லிவோல்ட் குறைவதால், 22 வோல்ட் பத்தொன்பதரையாகத் தோன்றும். அதற்காகக் கடைக்காரருடன் வழக்காட வேண்டுவதில்லை.